மார்கழியில் விறைத்த தோல்

தோலைப் பற்றி என்னோடு வாதாட இந்தக் குடாநாட்டில் ஆள் இல்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். கொக்குவிலில், புகையிரதப் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில், இருபத்தைந்து வருடமாகச் சுருதிப்பெட்டியும் ஆர்மோனியமும் திருத்துகிறேன். பண்ணிசை வகுப்புப் பிள்ளைகளின் பெட்டியில் காற்றுப் போனால் அது என்னிடம்தான் வரும். பெட்டியின் மூலையில் ஒட்டியிருக்கும் ஆட்டுத்தோலை விரலால் ஒரு தடவை தடவினால் போதும், எங்கே ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறது, எப்போது முழுதாகக் கிழியும் என்று சொல்லிவிடுவேன். எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் பெயர். கை சரியாக இருப்பவளுக்கு வாய் இருக்கத்தான் செய்யும்.

எனக்கு ஒரே ஒரு தங்கை. கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு தென்மராட்சிக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டோடு சேர்ந்தாற்போல் இன்னும் இரண்டு வீடுகள். மூன்று வீட்டிலும் மாடுகள் நிற்கின்றன. சிலிண்டர் காஸ் கிடைக்காமல் எல்லோரும் வரிசையில் நின்று நாரி முறிந்த அந்த வருடத்துக்குப் பிறகு, மாதர் சங்கத்தின் உதவியோடு மூன்று வீட்டாரும் சேர்ந்து காஸ் ஊறும் ஒரு சாணத் தொட்டி கட்டினார்கள். வீட்டைச் சுற்றிய வளவு பெரிது என்பதால் தொட்டி தங்கை வளவில் அமைந்தது. அங்கிருந்து மூன்று குசினிக்கும் குழாய் ஓடியது. ஒவ்வொரு வீடும் ஒரே அளவு சாணம் போடவேண்டும், ஒரே அளவு காஸ் எடுக்கவேண்டும் என்பது பேச்சு.

சாணத்தைக் கடகப் பெட்டியால் அளக்கலாம். காஸை எதனால் அளப்பது? சங்கத்தார் கொழும்பில் ஒரு பழைய இரும்புக் கடையில் மூன்று காஸ் மீற்றர்களைத் தேடிப் பிடித்து வந்தார்கள். வெளியே இரும்பும் முள்ளும் பல்லுச்சில்லும் நன்றாகத்தான் இருந்தன. உள்ளே இருந்த தோல் மட்டும் தொட்ட உடனே அப்பளம் போல நொறுங்கிக் கொட்டியது.

"அக்கா, உது உனக்கு ஏலுமோ?" என்று தங்கை தொலைபேசியில் கேட்டாள்.

"ஏலுமோ எண்டு என்னட்டையோ கேக்கிறாய்? கொண்டுவந்து தா. பிறகு கதை."

அந்த மீற்றரைத் திறந்து பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோசம். உள்ளே இரண்டு தோல்கள், இரண்டு நெஞ்சாங்கூடுகள் மாதிரி. காஸ் ஒரு பக்கம் நிறையும்போது தோல் மறுபக்கம் தள்ளப்படும். அங்கே நிறையும்போது இங்கே திரும்பி வரும். இப்படி ஒரு தரம் போய் வந்தால் ஒரு மூச்சு. அந்த மூச்சைத்தான் மீற்றர் எண்ணுகிறது. மூச்சு எவ்வளவு ஆழம் என்று அதற்குத் தெரியாது, எத்தனை மூச்சு என்று மட்டுமே தெரியும். ஆகவே எல்லாப் பாரமும் தோலின் தலையில்தான். ஒவ்வொரு முறையும் முழுதாகப் போய் முழுதாக வரவேண்டும்.

சுருதிப்பெட்டிக்கு வெட்டுகிற மாதிரியே வட்டமாக வெட்டித் தைத்தேன். சரிவரவில்லை. தட்டையான தோல் நடுவில் இழுபட்டு இறுகி, பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரு கிழமை, ஏழு நாளும், கடதாசியில் வெட்டி வெட்டி எறிந்தேன். பிறகுதான் புத்தி வந்தது. தோல் முதலிலேயே ஒரு ஆழமில்லாத கிண்ணம் போல இருந்தால், அந்தக் கிண்ணம் உள்ளே குழிந்து வெளியே புடைக்கும். எதையும் இழுக்கத் தேவையில்லை. ஆட்டின் முதுகுத்தோல் தடிப்பு, வயிற்றுத்தோல் இழுபடும். இரண்டுக்கும் இடைப்பட்ட விலாப்பக்கத்தில் ஒரே சீரான இடம் பார்த்து வெட்டினேன். தண்ணீரில் ஊறவைத்து, கவிழ்த்த எவர்சில்வர்க் கோப்பையின் அடியில் போர்த்து, விளிம்பை நூலால் இறுக்கிக் கட்டி நிழலில் உலர்த்தினேன். உலர்ந்ததும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு துளி கசியவில்லை. மூன்று மீற்றருக்கும் ஆறு தோல்.

வெறும் தோல் காய்ந்து வெடிக்கும், அதற்கு எண்ணெய் ஊட்டவேண்டும். என்னுடைய எண்ணெய் ஆமணக்கெண்ணெய். அது காயாது, பிசினாகாது, எந்தக் காலத்திலும் இளக்கமாகவே இருக்கும். பெருவிரலால் மூன்று நாள் தேய்த்துத் தேய்த்து ஊட்டினால் தோல் குழந்தையின் காதுமடல் மாதிரி மடியும்.

நான்கு தோலுக்கு ஊட்டி முடித்திருந்தபோது தங்கை வந்தாள். அவள் சுத்த சைவம். வெள்ளிக்கிழமை முட்டை என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டாள்.

"அக்கா, ஆட்டுத்தோலையோ என்ரை குசினிச் சுவரிலை பூட்டப்போறாய்?"

"ஏன், நீ தேவாரம் படிக்கிற சுருதிப்பெட்டிக்குள்ளை வாழைமட்டையோ கிடக்கு?"

"அது சாமியறைச் சாமான். இது சோறு காய்ச்சிற இடம். மனம் கேக்குதில்லை."

திட்டுவோம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் திட்ட வரவில்லை. என் சொந்தத் தங்கை, சின்னதில் என் இடுப்பை விட்டு இறங்காதவள். "சரியடி. உன்ரை ரண்டு தோலுக்கும் இலுப்பெண்ணெய் ஊட்டிறன். கோயில் விளக்குக்கு ஊத்திற எண்ணெய். சாமிக்கே ஆகுமெண்டால் உன்ரை குசினிக்கு ஆகாதோ?" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல சுத்தமான இலுப்பெண்ணெய் தேடி வாங்கி, மற்ற நான்கு தோலுக்கும் மூன்று நாள் தேய்த்த நான், அவளுடைய இரண்டுக்கும் ஐந்து நாள் தேய்த்தேன்.

வைகாசியில் மீற்றர்களைப் பூட்டினோம். மூன்று வீட்டாரும் நின்றார்கள். மூன்றாம் வீட்டு மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மூண்டும் ஒரே மாதிரித்தானே பிள்ளை?" என்று கேட்டார்.

"ஒரே தோல், ஒரே நூல், ஒரே அளவு மாமி. கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கோ," என்றேன். எண்ணெயைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன் என்பது பாதி உண்மை. தங்கைக்கு விசேஷமாகச் செய்தது தெரிந்தால் மற்றவர்கள் முகம் சுழிப்பார்கள் என்பது மற்றப் பாதி.

ஐப்பசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மீற்றரைப் பார்த்து மூன்று வீட்டுச் சுவரிலும் கரிக்கட்டியால் இலக்கம் எழுதுவார்கள். மூன்றும் கிட்டத்தட்டச் சமனாக நிற்கும். என்னிடம் வேறு மூன்று ஊர்ச் சங்கங்கள் மீற்றர் கேட்டு வந்தன. நான் கால் நிலத்தில் படாமல் நடந்தேன்.

கார்த்திகை மழையோடு குளிர் வந்தது. குளிர் வந்தால் தொட்டியில் காஸ் ஊறுவது குறையும். அது எல்லா இடத்திலும் உள்ளது. ஆனால் குழாயின் கடைசியில் இருந்த மூன்றாம் வீட்டில் அடுப்பு அடிக்கடி நின்றது. அந்த மாமியின் மகள் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். குளிக்க வெந்நீர், பத்தியத்துக்குச் சரக்குக் கறி, பிள்ளைக்குச் சுடுதண்ணீர் என்று அடுப்பு ஓயாத வீடு. பாதி வெந்த கறியோடு அடுப்பு அணைந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? மாமி போய் மூன்று சுவரையும் பார்த்தார். மற்ற இரண்டு வீட்டையும்விடத் தங்கை வீட்டு இலக்கம் நாலில் ஒரு பங்கு கூடுதல். அடுத்த வெள்ளியும் அப்படி. அதற்கடுத்த வெள்ளி அதைவிடக் கூட.

"தொட்டி ஆரின்ரை வளவுக்கை கிடக்கோ, அவைக்குத்தானே வசதி" என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. பேச்சுக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரம் வேண்டும்? குழாயடியில், கோயில் வாசலில், கொடிகாமம் சந்தையில்கூட. தங்கையின் கணவர் விடியவே மரக்கறி கொண்டு சந்தைக்குப் போகிறவர். அங்கே ஒருவர் அவரைப் பார்த்து, "என்ன, உங்கடை வீட்டிலை நாள் முழுக்கக் கலியாணச் சமையலோ?" என்று கேட்டிருக்கிறார். மனிதர் அன்று சாப்பிடாமல் படுத்திருக்கிறார்.

தங்கை வீட்டு மீற்றரைச் சோதிக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு ஞாயிறு மதியம் போனேன். சோதிப்பதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு. பெரிய தொட்டித் தண்ணீரில் ஒரு வாளியைக் கவிழ்த்து அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று, வாளியின் அடியில் பூட்டிய குழாய் வழியே மீற்றருக்குள் போகும். ஒரு வாளி பத்து லீற்றர். பத்து வாளி அமுக்கினால் மீற்றர் நூறு காட்டவேண்டும். நல்ல வெயில். மூன்று வீட்டாரும் வேலியோரம் நின்றார்கள். தங்கை குசினி வாசலில் நின்றாள்.

நான்காவது வாளியோ ஐந்தாவது வாளியோ, அவள் எனக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக, "அக்கா," என்றாள்.

நான் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொறடி, எண்ணிக்கொண்டு நிக்கிறன்."

அவள் பொறுத்தாள். பத்து வாளி முடிந்தது. முள் நூறில் நின்றது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, ஐயோ, அந்த நேரத்திலும் நிமிர்ந்தது. திரும்பி எல்லோரையும் பார்த்து, "மீற்றரிலை ஒரு பிழையும் இல்லை," என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எங்கே போய் விழுந்தது என்று தெரிந்தது. தங்கை குசினிக்குள் போய்விட்டாள்.

எல்லாம் சமனாகும்வரை தங்கை வீட்டுக் குழாயைப் பூட்டி வைப்பது என்று முடிவானது. மாமி குரலை உயர்த்தவில்லை. "பிள்ளைப் பெத்தவள் இருக்கிற வீடு, வேறை என்ன செய்யிறது?" என்று மட்டும் சொன்னார். நானும் தலையாட்டினேன். பேருந்தில் வரும்போது, இவள் ஏன் இப்படிச் செய்தாள், என்னிடம் கேட்டிருந்தால் ஒரு சிலிண்டர் அனுப்பியிருப்பேனே என்றுதான் யோசித்தேன். என் தோலை நான் சந்தேகிக்கவில்லை. தங்கையைச் சந்தேகித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

இரண்டு கிழமை அவள் தொலைபேசி எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் மணி அடித்து ஓயும்.

திருவெம்பாவை தொடங்கியது. விடியப்புறம் ஒழுங்கையில் சங்கு ஊதிக்கொண்டு போகும் சத்தம் கேட்டு எழுந்து முழுகிவிட்டுச் சாமியறைக்குப் போனேன். விளக்குக்கு எண்ணெய் விட, தங்கைக்கு ஊட்டி மிஞ்சிய இலுப்பெண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கவிழ்த்தேன். எண்ணெய் வரவில்லை. குலுக்கினேன். வரவில்லை. உள்ளே வெண்ணெய் மாதிரி உறைந்து கிடந்தது.

மார்கழியில் இலுப்பெண்ணெய் உறையும் என்பது இந்த ஊரில் விளக்கேற்றும் எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? எனக்குந்தான் தெரியும். ஒவ்வொரு மார்கழியும் போத்தலை அடுப்படியில் வைத்து இளக்கித்தான் விளக்குக்கு விடுகிறேன். ஆனால் சாமியறையில் தெரிந்தது பட்டறையில் எனக்குத் தெரியவில்லை. போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் குந்திவிட்டேன்.

தங்கை விடிய நாலரைக்கு அடுப்பு மூட்டுகிறவள். கணவர் ஐந்தரைக்குச் சந்தைக்குப் போகவேண்டும். அதற்குள் பிட்டும் கறியும் அவித்தாகவேண்டும். மீற்றர் இருப்பதோ குசினியின் வெளிச்சுவரில், பனி கொட்டுகிற பக்கம். அந்த நேரத்தில் தோலுக்குள் எண்ணெய் உறைந்து தோல் விறைத்திருக்கும். விறைத்த தோல் முழுதாகப் போய் வராது, பாதி வழியில் திரும்பும். அரை மூச்சையும் மீற்றர் ஒரு மூச்சு என்றுதான் எண்ணும். அவள் எடுத்தது குறைவு, காட்டியது கூட. நான் சோதித்ததோ உச்சி வெயிலில், எண்ணெய் இளகி ஓடுகிற நேரத்தில்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்த புத்தி கள்ளப்புத்தி. அலுமாரியில் மற்றச் சங்கங்களுக்காக ஆமணக்கெண்ணெய் ஊட்டிய தோல் இரண்டு தயாராகக் கிடந்தது. துப்புரவு செய்வதாகச் சொல்லிக்கொண்டு போய் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? அடுத்த வெள்ளி இலக்கம் சமனாகும். என் பெயரும் மிஞ்சும், மூன்று ஊர்ச் சங்கமும் மிஞ்சும். ஆனால் ஊர் என்ன சொல்லும்? குழாயைப் பூட்டின பிறகுதான் இவள் திருந்தினாள் என்று சொல்லும். அந்தப் பெயர் அவளைச் சுடலை வரைக்கும் விடாது. சீ, நாயே என்று என்னை நானே பேசிக்கொண்டு, வாளியையும் குழாயையும் தோலையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே பின்னேர ரயிலில் ஏறினேன்.

தங்கை பாயை விரித்துவிட்டுக் குசினிக்குள் போனாள். விறகடுப்பில் சோறு காய்ச்சிப் போட்டாள். புகையில் கண் சிவந்திருந்தது, புகையால் மட்டுமா என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு மற்ற இரண்டு வீட்டுக்கும் போய், "விடிய அஞ்சு மணிக்கு ஒருக்கா வந்திட்டுப் போங்கோ," என்று சொல்லிவிட்டு வந்தேன். "அந்தக் குளிருக்கையோ?" என்றார் மாமி. "குளிருக்கைதான் மாமி," என்றேன்.

வந்தார்கள். மாமி தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, நடு வீட்டுக்காரி கொட்டாவி விட்டுக்கொண்டு. தங்கை விளக்கைப் பிடித்தாள். நான் வாளியை அமுக்கினேன். மாமியையே எண்ணச் சொன்னேன். பத்து வாளி. மீற்றர் நூற்று முப்பதைத் தாண்டி நின்றது.

"இதென்ன கூத்து?" என்றார் மாமி.

மீற்றரைத் திறந்து ஒரு தோலைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். தகரம் மாதிரி விறைத்திருந்தது. பிறகு நான் கொண்டுபோன புதுத்தோலைக் கொடுத்தேன். அது அவர் விரலில் துவண்டு விழுந்தது. "உங்கள் ரண்டு பேருக்கும் ஆமணக்கெண்ணெய் ஊட்டினனான். இவளுக்கு மட்டும் இலுப்பெண்ணெய். என்ரை தங்கச்சி எண்டு விசேஷமாச் செய்தனான். மூண்டும் ஒண்டு எண்டு உங்களுக்குப் பொய் சொன்னனான். இவள் ஒரு பிடி காஸும் கூடுதலா எடுக்கேல்லை. பிழை முழுக்க என்ரை," என்றேன். திறமையில் வந்த பெயரைத் திறமையாகவே இழக்கலாம் என்று பட்டது.

நடு வீட்டுக்காரி புதுத்தோலை வாங்கி மடித்துப் பார்த்தாள். மாமிதான் விறைத்த தோலை என் கையில் திருப்பி வைத்து, "ஆனைக்கும் அடி சறுக்கும் பிள்ளை. ஆனால் ஆனை விழுந்தது உவளின்ரை முதுகிலை," என்றார். பிறகு தங்கையின் கையைப் பிடித்து, "நான் சொன்னதுகளை மனசிலை வைச்சிராதை மோனை," என்றார். தங்கை தலையை ஆட்டினாள். மாமி தானே போய்ப் பூட்டைத் திறந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

புதுத்தோலைப் பூட்டினேன். தங்கை தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினாள். நீலச் சுவாலை எழுந்தது. நான் வாசலில் நின்று முள் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீராக ஓடியது.

"நல்லா ஓடுது பார்," என்றேன்.

"அக்கா."

"ம்."

"மீற்றரைப் பாக்காமல் என்னைப் பார்."

திரும்பினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"விறகு ஊதினது பறவாயில்லை. ஊர் கதைச்சதும் பறவாயில்லை, ஊர் கதைக்கும். அண்டைக்கு நீ வந்து பத்துத் தரம் மீற்றரைக் கேட்டாய். என்னட்டை ஒருக்கா, ஒரே ஒருக்கா, நீ எடுத்தனியோ எண்டு கேட்டனியோ?"

அடுப்பில் வைத்த கேத்தில் கொதிக்கத் தொடங்கியது. அவள் அதைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவள் எதற்காக நிற்கிறாள் என்று விளங்கியது. பதில் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், விடியப்புறம் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்து போனவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"பிள்ளை, நீ காஸ் கூடுதலா எடுத்தனியோ?"

"இல்லை அக்கா," என்றாள்.